உன் அப்பாவின் மூக்கும் நலம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் அப்பா நலம், உன் அப்பாவின் மூக்கும் நலம். மூக்கை ஏன் தனியாக எழுதுகிறேன் என்று நீ முழிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படி, போகப் போகப் புரியும். நீயும் நலமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறேன், நேற்று போனில் உன் குரலில் சளி விட்டிருந்தது, கோபம்தான் விடவில்லை. கையில் போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்றும் கேட்பாய். உன் அப்பா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறார். "இந்த விஷயத்தை நீ அவகிட்ட வாயைத் திறந்து சொல்லக் கூடாது" என்று கையை நீட்டினார். வாயைத் திறந்து சொல்ல மாட்டேன் என்று நானும் கையில் அடித்துக் கொடுத்தேன். அதனால் இப்போது வாயை இறுக்க மூடிக்கொண்டு எழுதுகிறேன். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது என்பது உனக்கே தெரியும்.

நேற்று நீ சொன்னது இன்னும் என் காதிலேயே நிற்கிறது. "அப்பா என் போனை எடுக்கிற வரைக்கும் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேம்மா, டிக்கெட்டை ரத்து பண்ணப் போறேன்" என்றாய். எடுக்காதது போதாது என்று போன வாரம் அடித்துக்கொண்டிருந்த போனை வேண்டுமென்றே கட் செய்தார் என்று சொல்லி அழுதாய். என் கடிதம் கைக்கு வரும்வரை ரத்து செய்யாதே என்று மட்டும் சொன்னேன். ஏன் ஏன் என்று நீ துளைத்தபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை, அடுப்பே பற்றவைக்கவில்லை. கூட ஒரு நிமிஷம் பேசியிருந்தால் சத்தியம் உடைந்திருக்கும், அதனால்தான் அந்தப் பொய். டிக்கெட்டை மட்டும் தொட்டுவிடாதே, முதலில் இதைக் கடைசிவரை படி.

உனக்குத் தெரிந்த கதையும் இதில் வரும், சலித்துக்கொள்ளாதே, அந்தத் தெரிந்த கதையைத்தான் நீயும் நானும் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம். தொடுகிற கண்ணாடிப் பலகை செய்கிற கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்து, அடுப்பு, லிஃப்ட், துணி துவைக்கிற இயந்திரம் எல்லாவற்றிலும் பட்டனை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைப்பதுதான் என் வேலை என்று நம் கண்ணாடிக் கடையில் நின்று நீ விளக்கிக்கொண்டிருந்தாய். உன் அப்பா ஒரு ஜன்னல் கண்ணாடிக்குக் கோடு போட்டபடியே, "இவ்வளவு படிச்சிட்டுக் கண்ணாடியைத் தடவிப் பிழைக்கப் போறியா" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், அவர் வேடிக்கை பேசும்போதும் முகம் துக்கம் விசாரிக்க வந்தவர் முகம் மாதிரியே இருக்கும், அது அவர் பிறப்பு. நீ சும்மா விட்டாயா? "நீங்க மட்டும் என்னவாம், கண்ணாடியைக் கீறித்தானே பிழைக்கிறீங்க" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே திருப்பிக் கொடுத்தாய். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு இரண்டு பேருக்கும் முகம் தூக்கிக்கொண்டது. நீ விமானம் ஏறுகிற அன்று அவசர வேலை என்று சொல்லி அவர் கடையிலேயே இருந்துவிட்டார். அவசரமும் இல்லை, வேலையும் இல்லை, அன்று நான் சாப்பாடு கொண்டுபோனபோது ஏற்கனவே துடைத்த கண்ணாடிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் போனில் நீ கூப்பிடும்போதெல்லாம் அவரிடம் நீட்டுவேன், வாங்கமாட்டார். "என்கிட்டப் பேசணும்னா என்னைக் கூப்பிடட்டும், உன் போன்ல தோளோட தோள் ஒட்டிக்கிட்டு நான் என்ன ஓசிப் பேச்சா பேசணும்" என்பார். சரி கடைப் போனில் பேசலாமே என்றால் அது வியாபாரத்துக்கு, குடும்பக் கதை பேசுவதற்கு இல்லை என்று அவரே போட்ட சட்டம் குறுக்கே வரும். நீ அவர் மகளாயிற்றே, பிடிவாதத்துக்குக் குறைச்சலா, அவருக்கென்று ஒரு டச் போனை வாங்கி அனுப்பினாய், கூடவே உன் கம்பெனிப் பலகை வைத்த அடுப்பும் வந்தது. நான்தான் போய் சிம் வாங்கிப் போட்டு, உன் சிரித்த படத்தை உன் நம்பரோடு சேர்த்து, அவர் சட்டைப் பையில் வைத்தேன். இனி சாக்குச் சொல்ல வழியில்லை, மனிதர் வசமாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். நீ கூப்பிட்டாய். அவர் போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வெளியே வந்து, "வேலையா இருந்தேன்" என்றார். பால்கனியில் அவருக்கு என்ன வேலை, துணி உலர்த்துகிற கயிறுதான் இருக்கிறது.

இதோடு வேறு சில மாற்றங்களும் வந்தன. காலையில் முதல் தேநீரை அவர்தான் போடுவார் இல்லையா, புது அடுப்பு வந்ததிலிருந்து போடுவதில்லை. கேட்டால் தேநீர் பித்தமாம். நம் குடியிருப்பில் லிஃப்டைப் புதுப்பித்துப் பட்டன் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடியில் வெள்ளை எண்கள் வருகிற மாதிரி மாற்றினார்களே, அன்றிலிருந்து மாடிப்படிதான் ஏறினார். கேட்டால் உடம்புக்கு நல்லதாம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்று உடம்புக்கு நல்லது என்று சொல்கிறவரை என்ன செய்வது? பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் அங்கே போய்த் தங்கியிருந்துவிட்டுத் திரும்பினால், நான் மாவாகவும் காயாகவும் எடுத்துவைத்ததெல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, குப்பைக்கூடையில் ரொட்டி உறையும் வாழைப்பழத் தோலும் மட்டும். வயிறு சரியில்லை, அதனால் சமைக்கவில்லை என்றார். நீ அனுப்பிய அடுப்பைத் தொடமாட்டேன் என்கிற வீம்பு என்றுதான் நான் நினைத்தேன், உன்னிடமும் அப்படியே சொல்லித் தொலைத்தேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் உனக்கு மனசு அதிகம் கசந்துபோயிருக்கும், தெரியும்.

இதற்கு நடுவில் நம் கட்டடத்தில் ஒரு நாய் வழக்கு. ஐந்தாம் மாடியில் நீச்சல் டீச்சர் இருக்கிறாரே, அவர் ஒரு குட்டை நாய் வளர்க்கிறார், காதும் வயிறும் தரையில் இழுபடும், பெயர் மேனேஜர். நம் குடியிருப்புச் சங்கத்துச் செகரட்டரிக்கு லிஃப்டின் புதுக் கண்ணாடி மேல் உயிர், கையில் துணியும் தெளிக்கிற பாட்டிலுமாக அலைவார். அந்தக் கண்ணாடியில் தினமும் ஈரமாக உருண்டையாக ஓர் அச்சு விழுகிறது என்று கண்டுபிடித்தார். குனிந்து பார்த்தார், மோந்து பார்த்தார், இது மூக்கு, சந்தேகமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மூக்கு என்றால் நாய், நாய் என்றால் மேனேஜர். கூட்டம் போட்டார்கள். டீச்சர் எழுந்து, "எங்க மேனேஜர் எம்பிக் குதிச்சாலும் அந்த உயரம் எட்டாதுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். "அப்ப நீங்க தூக்கிக் காட்டியிருப்பீங்க" என்றார் செகரட்டரி. மேனேஜர் இனி லிஃப்டில் ஏறக் கூடாது என்று முடிவாயிற்று. இந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து, "சுத்தம் முக்கியம், பொது இடம் பாருங்க" என்று தலையாட்டியவர் யார் என்று நினைக்கிறாய்? உன்னைப் பெற்றவர்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறார் என்று பூரித்துப்போனேன்.

அந்தப் பூரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் நான் கடைக்குப் போய்விட்டு வந்து கீழே தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன், தூணுக்குப் பின்னால் நான் நிற்பது அவருக்குத் தெரியாது. உள்ளே வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், திருட வந்தவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான். லிஃப்டுக்குள் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, கோழி தீனி பொறுக்குகிற மாதிரி மூக்கால் மூன்றாம் மாடியை ஒரு கொத்துக் கொத்தினார். எண் எரிந்தது. கதவு மூடப்போகிற நேரத்தில் நான் குடையை உள்ளே நீட்டினேன். கதவு திறந்துகொண்டது. உன் அப்பா நிமிர்ந்து, "நம்பர் சரியாத் தெரியலை, கிட்டப் போய்ப் பார்த்தேன்" என்றார். சரி, பார்த்தாயிற்று, இப்போது விரலால் அமுக்குங்கள் பார்க்கலாம் என்று நான் உள்ளே போய் நின்றுகொண்டேன், எரிந்த எண்ணும் அதற்குள் அணைந்துவிட்டது. ஆள்காட்டி விரலால் அமுக்கினார், ஒன்றும் இல்லை. கட்டைவிரல், ஒன்றும் இல்லை. மற்றக் கையை மாற்றினார், விரலை ஊதினார், சட்டையில் தேய்த்தார், எச்சில் தொட்டுக்கூட அமுக்கினார். கண்ணாடி அசைந்து கொடுக்கவில்லை. நான் என் சுண்டுவிரலால் லேசாகத் தொட்டேன், உடனே எரிந்தது.

வீட்டுக்குள் போனதும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினார், அப்புறம் செகரட்டரியிடம் போகட்டுமா என்றேன், எல்லாம் கொட்டிவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, அவர் விரல் எப்படியிருக்கும் என்று. கட்டர் பிடித்துப் பிடித்து, விளிம்பை நீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, முனையெல்லாம் காய்த்துக் கொம்பு மாதிரி ஆகிவிட்டது, சுடுபாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குவார், கண்ணாடித் தூள் குத்தினால் நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அந்த விரல் பட்டால் எந்த டச் கண்ணாடிக்கும் ஆள் வந்திருப்பதே தெரிவதில்லை. லிஃப்டுக்குத் தெரியவில்லை, அடுப்புக்குத் தெரியவில்லை, நீ அனுப்பிய போனுக்கும் தெரியவில்லை. தேநீருக்குப் பித்தமும் இல்லை, வயிற்றுக்குக் கோளாறும் இல்லை, மனிதர் அடுப்பைப் பற்றவைக்க முடியாமல் ரொட்டி தின்றிருக்கிறார். நீச்சல் டீச்சர் வீட்டுக்கு ஒரு பெரிய முகம்பார்க்கும் கண்ணாடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனபோது, வேறு வழியில்லாமல் மூக்கை வைத்து ஐந்தை முட்டிப் பார்த்திருக்கிறார், லிஃப்ட் கிளம்பிவிட்டது. அன்றோடு மாடிப்படியை விட்டுவிட்டார். அதே டீச்சரின் நாய் மேல் பழி விழுந்ததுதான் பாவம்.

இப்போது உன் போனுக்கு வருகிறேன், இதைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் பால்கனிக்குப் போனது உன் மேல் கோபத்தால் இல்லை. நான் பார்க்கக் கூடாது என்று போயிருக்கிறார். அங்கே நின்று போனை எடுக்கிற அந்தப் பச்சைக் குறியை இந்த விரலால் தள்ளி, அந்த விரலால் தள்ளி, பத்து விரலும் போட்டுப் பார்த்திருக்கிறார், அது நகர்ந்தால்தானே! கடையில் இருக்கும்போது அடித்தால் கண்ணாடித் தட்டுகள் சாய்த்துவைத்திருக்கிற பின்கட்டுக்குப் போய்விடுவாராம். சரி, நகரவில்லை என்று தெரிந்ததும் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டியதுதானே, முழு மணியும் அடிக்கும்வரை அங்கே நின்று என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அடிக்கிற வரைக்கும் அவ படம் தெரியுதுல்ல" என்றார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீயும் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படி.

அவர் கட் செய்தது என்று அழுதாயே, அதையும் கேட்டேன். லிஃப்டில் மூக்கு பலித்ததும் அவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. போன வாரம் நீ கூப்பிட்டதும், இதோ எடுத்துவிடுகிறேன் என்று மூக்கை வைத்துத் தள்ளியிருக்கிறார். மூக்கைக் கண்ணாடியில் வைத்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? பச்சை எந்தப் பக்கம் சிவப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் சிவப்புப் பக்கம் இழுத்துவிட்டார். நீ கூப்பிட்டது நின்றுபோயிற்று. திரும்பக் கூப்பிடத் தெரியாது, கூப்பிடுகிற இடமும் கண்ணாடிக்குள்தானே இருக்கிறது. அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை, அதற்கும் வயிற்றின் மேல்தான் பழி போட்டார். நீ அங்கே அழுதிருக்கிறாய், இவர் இங்கே பட்டினி கிடந்திருக்கிறார், நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் என்ன திமிர் என்று திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இவ்வளவையும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். "கண்ணாடிக்காரன் கைக்குக் கண்ணாடி கேட்கலைன்னு வெளிய சொல்லவா? அதுவும் அவகிட்டயா?" என்றார். புரிகிறதா? கண்ணாடியைத் தடவிப் பிழைக்கப் போகிறாயா என்று கேட்டவருக்குக் கண்ணாடியைத் தடவத் தெரியவில்லை. என் போனுக்குக் கூப்பிடட்டும் என்று வீராப்புப் பேசியவருக்கு அந்தப் போனை எடுக்க வரவில்லை. இதைச் சொல்வதற்குப் பதில் கோபக்காரன் என்று பெயர் எடுப்பது மரியாதை என்று இருந்துவிட்டார். ஆண்பிள்ளைகளின் கணக்கே தனி, அதை நாம் போட்டுப் பார்த்தால் விடை வராது.

உன் கம்பெனிக்கும் என் சார்பில் ஒன்று சொல்லிவிடு. இந்தப் பலகைகளைச் செய்து முடித்ததும் யார் விரலை வைத்துச் சோதிக்கிறீர்கள்? உங்கள் ஆபீசில் உள்ளவர்கள் விரல் என்றால் அது வெண்ணெய் மாதிரி இருக்கும், எந்தக் கண்ணாடியும் கேட்கும். ஒரு கண்ணாடிக்காரர், ஒரு கொத்தனார், ஒரு சலவைக்காரர் இப்படி நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, தொடச் சொல்லிப் பாருங்கள். நானும் இங்கே என் பங்குக்குச் சோதனை செய்தேன். உன் அப்பா விரலுக்கு அசையாத அடுப்பு, அவர் கையில் ஒரு வெள்ளரிக்காய்த் துண்டைக் கொடுத்துத் தொடச் சொன்னதும் டக்கென்று எரிந்ததே பார்க்கலாம்! கேரட்டுக்கும் எரிந்தது, தோல் சீவிய உருளைக்கிழங்குக்கும் எரிந்தது. குடும்பத் தலைவருக்குக் கொடுக்காத மரியாதையை உன் அடுப்பு வெள்ளரிக்காய்க்குக் கொடுக்கிறது. இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் வெள்ளரித் துண்டு எப்போதும் நிற்கும், காலைத் தேநீர் மறுபடி அவர் கையால் வருகிறது, சர்க்கரையைக் கூடப் போடுவதுதான் இன்னும் மாறவில்லை. போனுக்கும் அதையே வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. வெள்ளரித் தண்ணீர் பட்டுப் போன் தன் இஷ்டத்துக்கு ஆடி, எங்கள் வீட்டுக் கூரையைப் படம் எடுத்துச் செகரட்டரிக்கு அனுப்பிவிட்டது. அவர் உடனே, கூரையில் கசிவா, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டார். அதோடு உன் அப்பா, "காய் வாடிப்போகும், மூக்கு எப்பவும் கூடவே இருக்கு" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

மேனேஜர் விஷயத்தை நான் விடவில்லை. உண்மையைச் சொல்லி அந்த வாயில்லா ஜீவனை விடுவிக்காவிட்டால் நானே கூட்டத்தில் எழுந்து நிற்பேன் என்று சொன்னேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? செகரட்டரியை லிஃப்டுக்குக் கூட்டிப்போய், தலையைச் சாய்த்து அச்சை வெளிச்சத்தில் பார்த்து, "நான் கண்ணாடிக்காரன், சொல்றேன் கேளுங்க, இது நாய் மூக்கே இல்லை" என்று சாட்சி சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கவனித்தாயா? தொழில்காரர் சொல்லிவிட்டாரே என்று செகரட்டரியும் தடையை எடுத்துவிட்டார். குற்ற உணர்ச்சி இன்னும் மிச்சம் இருந்திருக்கும் போல, மேனேஜரின் படத்தை வாங்கி, கடையில் இருப்பதிலேயே நல்ல கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து டீச்சருக்குக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் மாதிரி மனிதரைப் பார்த்ததே இல்லை என்று டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். ஆமாம், நானும் பார்த்ததில்லை என்றேன்.

சரி, இனி நீ செய்ய வேண்டியது. நாங்கள் இங்கே ஒத்திகை பார்த்துவிட்டோம். நான் சமையலறையிலிருந்து முகம் தெரிகிற மாதிரி கூப்பிடுவேன், அவர் பால்கனியில் நின்று எடுப்பார். பச்சை எந்தப் பக்கம் என்று மூக்குக்குத் தெரிய வேண்டுமே, அதற்குக் கண்ணாடி அடுக்கும்போது இடையில் வைக்கிற ரப்பரில் ஒரு துணுக்கை வெட்டிப் போன் ஓரத்தில் அவரே ஒட்டிவிட்டார். மூக்கு முதலில் அந்த ரப்பரைத் தேடிப் பிடிக்கும், பிறகு அங்கேயே வழுக்கும். இப்போதெல்லாம் தவறுவதே இல்லை. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் பார்த்து, நீயும் முகம் தெரிகிற மாதிரியே கூப்பிடு. இரண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிடாதே, நிறைய நேரம் அடிக்கவிடு, ரப்பரைத் தேடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உனக்கு எதுவும் தெரியாத மாதிரி இரு. ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்று கேட்காதே. சாப்பிட்டீர்களா என்று கேள், கடை எப்படிப் போகிறது என்று கேள். சிரிப்பு வந்தால் இருமுகிற மாதிரி இருமிவிடு, சளி இன்னும் போகவில்லை என்று நான் ஏற்கனவே அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நீ படித்த பெண், இதைப் படித்த கையோடு விரலுக்கு உறை, கண்ணாடிக்குப் பேனா, போனுக்குள் ஏதாவது மாற்றம் என்று வழி கண்டுபிடித்து ஒரு பெட்டியைத் தபாலில் அனுப்பப் பார்ப்பாய். அனுப்பாதே. எதுவாக இருந்தாலும் நீ வரும்போது கையில் கொண்டு வா. வந்து கடையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காய்த்த விரலை நீயே பிடித்து அந்தக் கண்ணாடியில் வைத்துச் சொல்லிக்கொடு. சின்ன வயதில் உனக்குக் கட்டர் பிடிக்க அவர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், உன் கை அவர் கைக்குள் இருந்ததே தெரியாது. அதுவரைக்கும் மூக்கு போதும், நானும் கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். யாருக்குக் கடிதம் என்றார், பெரியம்மாவுக்கு, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன் என்றேன். கண் ஆபரேஷன் ஆனவளுக்கு ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார். திரும்ப வந்தவர் உன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதன் ஓரத்தை அந்த விரலால் ஒரு சுற்றுத் தடவி, "அடுத்த தடவை அவகிட்டப் பேசும்போது சொல்லு, விளிம்பை நல்லா உருட்டியிருக்காங்க, எங்கயும் பிசிறு இல்லை, வேலை தெரிஞ்சவங்க செஞ்சது" என்றார். கண்ணாடியைப் பற்றி உன் அப்பா இன்னொருவரைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. அவர் வாயிலிருந்து மன்னிப்பு என்று ஒன்று வந்தால் அது இப்படித்தான் இருக்கும், இதைவிட வேறு எதிர்பார்க்காதே. அதை ஏன் நான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கள் என்றேன். மூக்கைத் தடவிக்கொண்டே போய்விட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், தலைக்கு எண்ணெய் வை என்று சொன்னால் கேட்கவா போகிறாய், ஆனாலும் சொல்லிவிட்டேன். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். உன் அப்பா தொட்டதும் துலங்க வேண்டும் என்று சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். டிக்கெட்டை ரத்து செய்யாதே. கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு, வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து என்னை மாட்டிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்ததும் முதலில் திரை முழுக்க இருட்டாகத்தான் தெரியும், பிறகு இரண்டு குகை தெரியும், பிறகு மீசை. பயந்துபோய்க் கட் செய்துவிடாதே கண்ணு, கொஞ்சம் பொறு, பின்னாலேயே உன் அப்பா வந்துகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
வாயைத் திறக்காத
உன் அம்மா